மஜீது பாய் மாட்டிய பதினோரு கலப்பை

தண்டையார்பேட்டையில் மஜீது பாயிடம் மட்டும் மணி கேட்கக் கூடாது. கேட்டால், அந்தக் கடிகாரம் தன் கைக்கு வந்த கதையிலிருந்து தொடங்குவார். கதை முடிவதற்குள் கேட்டவர் போக வேண்டிய பஸ் போய்விட்டிருக்கும். அப்படிப்பட்ட வாய், ஒரே ஒரு சத்தத்துக்குத்தான் அடங்கும். தெருமுனையில் டிராக்டர் ஒன்று வந்தால் போதும், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் காதைச் சாய்ப்பார்.

"மூணாவது இஞ்ஜெக்டரு மக்கர் பண்ணிகினு கீது நைனா. கய்ட்டிப் பாரு."

ஓட்டி வந்தவர் கழற்றிப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

துறைமுகத்தில் சரக்கு இழுக்கும் டிராக்டர்களுக்கு முப்பது வருஷம் வைத்தியம் பார்த்த ஆள். ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த வண்டிகள் எதுவும் மண்ணை மிதித்தவை அல்ல. கலப்பையைத் தூக்குவதற்காகப் பின்னால் இருக்கும் இரும்புக் கைகளை, துறைமுகத்துக்குள் நுழைந்த முதல் நாளே வெட்டி எறிந்துவிடுவார்கள். அப்புறம் பின்னால் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு டிரெய்லர். மஜீதைப் பொறுத்தவரை டிராக்டர் என்றால் அவ்வளவுதான். வயலை அவர் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அதுவும் மாமனார் ஊருக்குப் போகும்போது, அதிலும் பாதித் தூக்கத்தில்.

ஐம்பத்து நாலாவது வயதில் அந்த வேலை போயிற்று. காண்டிராக்டர் பேட்டரி வண்டிகளை இறக்கினார். அவற்றுக்கு டீசல் பீய்ச்சும் இஞ்ஜெக்டரும் இல்லை, மஜீதும் வேண்டியதில்லை. இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். வேலைக்குப் போகாத மஜீது வீட்டில் இருப்பது, நிறுத்தத் தெரியாத ரேடியோவை வீட்டில் வைத்திருப்பது மாதிரி. பொறுக்க மாட்டாமல் அவருடைய தங்கை கணவர் சுஹைப் ஒரு வழி சொன்னார். மாத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை.

"குந்திகினே இருக்கலாம் மச்சான். கேட்டு தொறக்கணும், கேட்டு மூடணும். ஞாயித்துக்கெயமக்குள்ள பதில் சொல்லிடு."

கிரீஸ் படிந்த தன் கைகளை மஜீது ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இந்தக் கை இனிமேல் கேட்டைத் தள்ளுவதற்குத்தானா என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பதில் சொல்லவில்லை. மஜீது பதில் சொல்லாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

அந்த வாரத்தில்தான் எபினேசர் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். நாசரேத் பக்கத்திலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். மனிதருக்கு ஒரே ஒரு கிறுக்கு: பழைய டிராக்டர் எங்கே கண்டாலும் வாங்கிவிடுவார். மணலி புதுநகரைத் தாண்டி மீஞ்சூர் போகிற வழியில் ஒரு தோட்டம் போட்டு, ஐந்து கிழட்டு டிராக்டர்களை அங்கே நிறுத்தியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

"சும்மா நிக்க வண்டியப் பாக்கதுக்கு எதுக்கு பாய் அம்புட்டுத் தூரம் வரணும்? உழுது காட்டணும்லா?" என்றார் அண்ணாச்சி. அறுபதுகளில் வந்த ஒரு பழைய மாசி டிராக்டரைக் காட்டினார். கொட்டகைக்குள் மூன்று கல்டிவேட்டர்கள் கிடந்தன. வண்டிகளோடு ஒட்டுமொத்தமாக வந்தவை. எது எந்த வண்டிக்கு என்று யாருக்கும் தெரியாது. "இந்த வண்டிக்கு உள்ளது எதுன்னு கண்டுபிடிச்சி மாட்டணும். அந்தா தெரியுது பாருங்க, அந்த அரை ஏக்கரை உழுது காட்டிட்டா அஞ்சு வண்டியும் உங்க பொறுப்புதான். இல்லன்னா செங்குன்றத்துல ஒரு ஆளு இருக்காரு, அவரக் கூப்பிட்டுக்கிடுதேன்."

"அண்ணாச்சி, டிராக்டரு எனுக்குப் பெத்த புள்ள மாரி. இன்னா பெரிய கல்டிவேட்டரு?" என்றார் மஜீது.

இந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கல்டிவேட்டர் என்பது ஒரு இரும்புச் சட்டம். அதன் அடியில் வளைந்த கொழுக்கள் வரிசையாகத் தொங்கும். கொழுவை எண்ணித்தான் பெயர்: அஞ்சு கலப்பை, ஒன்பது கலப்பை, பதினோரு கலப்பை. டிராக்டரின் பின்னால் அது மூன்று இடத்தில் தொங்குகிறது. கீழே இடப்பக்கம் ஒரு கை, வலப்பக்கம் ஒரு கை, மேலே ஒரு தண்டு. கல்டிவேட்டரின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் 'பின்' என்ற இரும்பு முளைகள், கைகளின் நுனியில் இருக்கும் ஓட்டைக்குள் நுழைய வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

மஜீது நேராகப் பதினோரு கலப்பையிடம் போனார். துறைமுகத்தில் அதிக பாரம் இழுக்கிற வண்டிக்குத்தான் மரியாதை; அந்தக் கணக்கில் பெரியதை எடுத்தார். அதற்குப் பச்சை வண்ணம் வேறு பளபளவென்று இருந்தது. மற்ற இரண்டும் துரு பிடித்தவை. ஒன்றின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பின், கையின் ஓட்டைக்குள் நுழையவில்லை. பின் தடிமன், ஓட்டை சிறிது.

இந்த இடத்தில் வேறு ஊர்க்காரர் என்றால் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார். வடசென்னைக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நுழையாத சாமான் எதுவாக இருந்தாலும் அதை நுழைய வைக்க இங்கே தெருவுக்கு ஒரு லேத் இருக்கிறது. பின்களைக் கழற்றிக்கொண்டு விம்கோ நகரில் இரும்பைக் கடைந்து சீவும் லேத் பட்டறை வைத்திருக்கும் பிரகாஷிடம் போனார்.

"ஆறு எம்.எம். சீவிடு மாமு."

"தாங்குமா மாமு?" என்று பிரகாஷ் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார்.

"நீ கடைசல் போடு. கேள்வி போடாத."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் என்ன பேசுவது? பிரகாஷ் சீவிக் கொடுத்தார். பாரம் தூக்கும் செயின் பிளாக், கடப்பாரை, நாலு ஆட்கள் எல்லாம் சேர்ந்து அரை நாள் மல்லுக்கட்டிப் பதினோரு கலப்பையை மாட்டினார்கள். டிராக்டர் கைகளின் பக்கவாட்டில் இருக்கும் சங்கிலிகளை, இம்மியும் ஆடாதபடி மஜீது இழுத்து முறுக்கினார். பாரம் ஆடினால் ஆள் காலி என்பது துறைமுகத்துப் பாடம். எட்ட நின்று பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. போனில் படம் எடுத்து சுஹைபுக்கு அனுப்பி, கூடவே குரலும் அனுப்பினார்: "அந்த வாட்ச்மேன் சேரை வேற ஆளுக்குக் குடுத்துடு மச்சான்." ஞாயிற்றுக்கிழமை வரை சேர் காலியாகத்தான் இருக்கும் என்று சுஹைப் பதில் அனுப்பினார்.

வியாழக்கிழமை காலை வெள்ளோட்டம். வண்டி வரப்பைத் தாண்டி வயலில் இறங்கியது, கல்டிவேட்டர் மண்ணைக் கடித்தது, இஞ்சின் முக்கியது, முன் சக்கரம் ஒரு சாண் மேலே எழும்பியது. பத்தடி போயிருக்காது. 'டக்'கென்று ஒரு சத்தம். வலப்பக்கத்துப் பின் சீவின இடத்தில் இரண்டாக முறிந்து, பதினோரு கலப்பையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கின.

அண்ணாச்சி திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சனிக்கிழமை வரைக்கும் பாருங்க பாய்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். முறிந்த துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மஜீது வீட்டுக்கு வந்தார். அன்று முழுக்க வீட்டில் ரேடியோ பாடவில்லை.

வீட்டில் மனைவி மலிகா. முத்துப்பேட்டைக்காரி, கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். ஜாக்கெட் தைப்பாள். வந்த புதிதில் அவள் 'என்ன' என்று சொன்னதற்கே இந்த வீடு விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டே வருஷத்தில் அதை 'இன்னா' ஆக்கிக்கொண்டாள். மஜீது அவளை வாய்க்கு வாய் பட்டிக்காடு என்பார். செல்லமாகச் சொல்வதாக அவர் நினைப்பு. அவள் அதிகம் பேச மாட்டாள். அந்த வீட்டில் ஒருவர் பேசத்தான் இடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. துணி நனைக்கப் போன மலிகா, ஈரக் கையோடு திரும்பி வந்தாள். கையில் முறிந்த பின்.

"இத யாரு கடைசல் போட்டது?"

"இன்னாது?"

"இது இருபத்தெட்டு எம்.எம். பின்னுங்க. இருபத்திரண்டாச் சீவி வச்சிருக்கு. எத்தன கலப்பைலேந்து கழட்டுனீங்க?"

மஜீது டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பதினொண்ணு," என்றார்.

"வண்டி?"

"பய்ய மாசி. முப்பத்தஞ்சு ஹெச்.பி."

"யா அல்லா!" மலிகா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அந்த வண்டிக்கு ஒன்பது கலப்பைதாங்க. பதினொண்ணு பெரிய வண்டி இழுக்கறது. பின்னு நொழையலன்னா அது நம்ம வண்டிக்கு உள்ளது இல்லன்னு அர்த்தம். அது தெரியணும்னுதான் வேற வேற தடிமன்ல செஞ்சு வச்சிருக்காங்க. சீவறதுக்கா செஞ்சு வச்சிருக்காங்க?"

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மஜீது கேட்டதில்லை. அதிலும் ஒரு 'இன்னா' இல்லை, ஒரு 'கீது' இல்லை. யாரோ புது மனுஷி வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"ஒனுக்கு எப்டிமே இதெல்லாம் தெரியும்?"

"எங்க அத்தா வாடகை டிராக்டர்தானே ஓட்டுனாங்க. கலப்பை மாட்டணும்னா நான்தான் பின்னால நிப்பேன். நிக்காஹ்வுக்கு மொத வாரம்கூட மாட்டிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"மாமனாரு டிரைவருன்னாங்க. நான் லாரின்னு நெனச்சிகினு இருந்தேன். இருபத்தேயு வருசம், ஒரு வார்த்த சொல்லல நீ?"

"நீங்க கேட்டதில்லையே," என்றாள் மலிகா. கோபமாகச் சொல்லவில்லை. பின்னை மேசைமேல் வைத்துவிட்டுத் துணி நனைக்கப் போய்விட்டாள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை உலகத்தில் எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது. ஆனால் மஜீதுக்கு உறைத்தது அது அல்ல. அந்த முறிந்த பின்னை எடுத்து, லேத் சீவின பளபளப்பை விரலால் தடவிப் பார்த்தார். நம்முடைய ஓட்டைக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக ஒருத்தியையும் இப்படித்தானே சீவியிருக்கிறோம் என்று தோன்றியது. அவருக்கு வெட்கமாக இருந்தது. நன்றாகவே வெட்கமாக இருந்தது.

வெட்கம் வந்ததே தவிர வீம்பு உடனே போய்விடவில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, சாப்பிட்டு, இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்:

"நாளிக்கி வண்டில ஒரு ரவுண்டு போய் வரலாமா? மணலி பக்கம் காத்து நல்லா கீதாம்."

ஆலைப் புகைக்குப் பேர்போன மணலிக்கு நல்ல காற்று வாங்கப் போன முதல் மனிதர் என்று அவர் பேரைப் பொறித்து வைக்கலாம். மலிகா தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "கேக்கறத ஒயுங்காக் கேளுங்க."

மஜீது எழுந்து போய் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எனுக்கு மாட்டத் தெரில மலிகா. நீ வந்து காட்டு. இது போச்சின்னா நான் மாத்தூர்ல கேட்டுதான் தொறக்கணும்."

மெஷின் நின்றது. "பன்னெண்டு ஜாக்கெட்டு கெடக்குது. மதியத்துக்குள்ள திரும்பிடணும்," என்றாள்.

சனிக்கிழமை காலை தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மலிகா கறுப்பு அங்கியின் கைகளை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். பச்சை வண்ணத்தின் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து முதலில் டிராக்டர் கையின் ஓட்டையை அளந்தாள். பிறகு துரு பிடித்த இரண்டின் பின்களையும் அளந்தாள். ஒன்றின் பின் ஓட்டையை விடச் சின்னது. அடைகாத்த கோழியைத் தூக்கிப் பக்கத்தில் விட்டுவிட்டு இன்னொன்றைக் காட்டினாள்.

"ஒன்பது கலப்பை. பின்னும் ரெண்டே கால் சென்டி இருக்காது, ஓட்டையும் அதே அளவு. இதுதான்."

"இதுவா? காயலான் கடைக்குப் போறதுன்னு நான் நெனச்சிகினு இருந்தேன்."

"துரு வெளில. பின்னப் பாருங்க, தேயவே இல்ல. வண்டிய ரிவர்ஸ்ல எடுங்க."

அவள் பின்னால் நின்று கையைக் காட்டக் காட்ட மஜீது அங்குலம் அங்குலமாக வண்டியைப் பின்னுக்கு விட்டார். கையை அவள் மடக்கியதும் நிறுத்தினார்.

"மொதல்ல எடது கை," என்றாள். "அதுக்கு ஏத்த எறக்கம் கெடையாது. வலது கைல சுத்தற பிடி இருக்கு பாருங்க, அத மாட்டறதுக்குத் தகுந்த மாதிரி தூக்கலாம், எறக்கலாம். வலத மொதல்ல மாட்டிட்டு எடதுக்கு முட்டிக்கிட்டிருந்தா பொழுதன்னைக்கும் முட்ட வேண்டியதுதான்."

இடது நுழைந்தது. வலது பிடியை நாலு சுற்றுச் சுற்றினாள். அதுவும் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. கடைசியில் மேல்தண்டு. கடப்பாரை இல்லை, செயின் பிளாக் இல்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. அன்றைக்கு நாலு பேர் அரை நாள் மாட்டியதை நினைத்து மஜீது பெருமூச்சு விட்டார். பழக்க தோஷத்தில் கை பக்கச் சங்கிலிக்குப் போனது.

"முறுக்காதீங்க. நாலு வெரல் ஆடணும்."

"ஆடுனா பேஜாராயிடும்மே!"

"ஹார்பர்லதான் பேஜாரு. மண்ணுக்குள்ள கல்லு இருக்கும், வேர் இருக்கும். ஒதுங்கிப் போறதுக்கு அதுக்கு எடம் வேணாமா? எடம் குடுக்கலன்னா ஒடையத்தான் செய்யும்."

மஜீது சங்கிலியைத் தளர்த்தினார். நாலு விரலை வைத்து அளந்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை அளந்தார். சமதரையில் இறக்கிப் பார்த்தார்கள். ஒன்பது கொழுவும் ஒன்றுபோல் தரையைத் தொட்டன.

"போங்க. நீங்களே மாட்டுனதாச் சொல்லுங்க. வேல ஒங்களுக்குத்தானே," என்று சொல்லிவிட்டு மலிகா வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டாள்.

அண்ணாச்சி வந்தார். வண்டி வயலில் இறங்கியது. இந்தத் தடவை இஞ்சின் முக்கவில்லை. மஜீதுக்குத் தெரிந்த, மூன்று சிலிண்டரும் சேர்ந்து பாடுகிற அந்தச் சத்தம். திரும்பிப் பார்த்தார். காய்ந்து வெளுத்த தரை பின்னால் கறுப்பாகப் புரண்டு வந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ நாலைந்து வெள்ளைக் கொக்குகள் வந்து இறங்கி, புழு பொறுக்கிக்கொண்டே பின்தொடர்ந்தன. முப்பது வருஷம் அவர் வண்டிக்குப் பின்னால் லாரி ஹாரன்தான் வந்திருக்கிறது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்த பிள்ளைகள் எதற்காகப் பிறந்தவை என்று இன்றைக்குத்தானே பார்க்கிறோம் என்று இருந்தது.

அரை ஏக்கர் முடிந்தது. அண்ணாச்சி குனிந்து ஒரு கை மண்ணை அள்ளிப் பார்த்தார். பின்னைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். இரும்பு வியாபாரி, எது சும்மா, எது சரக்கு என்று தெரியாதவர் அல்ல.

"அன்னைக்கு மாட்டினது வேற கை, இன்னைக்கு மாட்டினது வேற கை. யாரு பாய் மாட்டுனது?"

'நான்தான்' என்ற வார்த்தை மஜீதின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாத்தூர் கேட் ஒரு தடவை கண்ணுக்குள் திறந்து மூடியது. வேப்பமரத்தடியில் மலிகா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இல்ல அண்ணாச்சி," என்றார். "எனுக்கு இஞ்சின் தெரியும். இது தெரியாது. என் வூட்டுக்காரிதான் மாட்டுனாங்க. அவுங்களுக்குத்தான் தெரியும்."

மனைவியை 'அவுங்க' என்று மஜீது சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.

அண்ணாச்சி கையிலிருந்த மண்ணை உதறினார். "அப்ப மத்த நாலு வண்டிக்கும் எது எதுன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கேப்பேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா, திங்கக்கிழமை ரெண்டு பேருமா வந்துருங்க!"

"திங்கக்கிழம முடியாதுங்க," என்றாள் மலிகா. "ஜாக்கெட்டு குடுக்கணும். செவ்வாக்கிழம வர்றோம்."

இருவரும் ஸ்கூட்டரில் திரும்பினார்கள். மணலி புதுநகர் தாண்டியதும் மஜீது தலையை லேசாகப் பின்னால் சாய்த்தார்.

"அத்தா ஓட்டுனது எந்த வண்டி மலிகா?"

அவள் சொல்லத் தொடங்கினாள். வண்டியின் நிறத்திலிருந்து தொடங்கி, அது எந்த வாய்க்காலில் கவிழ்ந்தது, யார் யார் கயிறு கட்டி இழுத்தார்கள், மறுநாள் அத்தா அவளை ஓட்டச் சொன்னது, அவள் பயந்து அழுதது, அழுதுகொண்டே ஓட்டியது. எர்ணாவூர் பாலத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றன. அவள் குரலை உயர்த்திக்கொண்டாளே தவிர நிறுத்தவில்லை. மஜீதின் பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது; சுஹைப்தான்.

திருவொற்றியூர் டோல்கேட் பக்கம் படகு ஒன்றை இழுத்துக்கொண்டு எதிரே ஒரு டிராக்டர் வந்தது. மூன்றாவது இஞ்ஜெக்டர் படு மோசம். தெருவே திரும்பிப் பார்க்கிற இருமல். மஜீது பாய்க்கு அது கேட்கவே இல்லை.